நாவின் வெண்மை: ஒரு சொல்லும் பல நோய்களும்



இன்றைய பொழிவின் தலைப்பைக் கேட்டவர்கள் சிலர், மொழியியல் படித்த ஒருவருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று வினவினார்கள். நியாயமான வினாதான். நான் மருத்துவர் அல்லேன். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்வதற்கு எனக்குத் தகுதி இல்லை. அதைச் சொல்லவும் போவதில்லை. நோயாளி தம் உடலைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கும், மருத்துவர் அதற்கு இடும் பெயருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை மொழிதான் நிரப்ப வேண்டும். ஆகவே அதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு.

அந்த இடைவெளியைக் காட்ட ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிறுநீரகமோ கல்லீரலோ இதயமோ மாற்றிப் பொருத்தப்பெற்ற ஒருவர், சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, 'நாக்கில் வெள்ளையாக இருக்கிறது' என்கிறார். இந்த ஒரு தொடருக்குப் பின்னால் எளிதில் நீங்கும் பூஞ்சைத் தொற்று இருக்கலாம். தீங்கற்ற ஒரு தழும்பு இருக்கலாம். புற்றுநோயின் தொடக்கமும் இருக்கலாம். 'வெள்ளை' என்பது நிறத்தின் பெயர். நோயின் பெயர் ஆகாது. நிறத்தின் பெயரை நோயின் பெயராக எடுத்துக்கொள்ளும்போது தவறு தொடங்குகிறது. இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தி. எஞ்சியவை இதன் விளக்கம்.

உறுப்பு மாற்றும் எதிர்ப்பாற்றலும்

1954ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார் ஜோசப் மர்ரே. அப்பணிக்காக 1990இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. சிங்கப்பூரில் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1970இலும், மலேசியாவில் 1975இலும் நடைபெற்றன. இன்று நம் இரு நாடுகளிலும், மாற்றுச் சிறுநீரகத்தோடு வேலைக்குச் செல்வோரையும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவருவோரையும் காண்கிறோம். சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவு முதன்மையான காரணங்களுள் ஒன்று. அந்நோய் நம் சமூகத்தில் மிகுதி என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இரட்டையரிடையே நடந்த முதல் அறுவையில் இல்லாத ஒரு சிக்கல், மற்றவரிடையே நடக்கும் அறுவையில் உண்டு. புதிய உறுப்பை உடல் அயலாகக் கண்டு தாக்கும். அதனைத் தடுக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை, பொருத்திய உறுப்பு இயங்கும் காலமெல்லாம் உட்கொள்ள வேண்டும். சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின் உறுப்பு மாற்றின் வெற்றி பெருகியது. இன்று பெரிதும் வழங்கும் டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984இல் கண்டறியப்பட்டது. அதன் பெயரின் முதலெழுத்து சுகுபா என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மருந்துப் பெயர்களிலும் ஊர் வரலாறு ஒளிந்திருக்கும் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

சைக்ளோஸ்போரின் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. மைகோபினோலேட் என்னும் மற்றொரு மருந்தும் பூஞ்சை தந்ததே. பூஞ்சை தந்த மருந்தை உண்பவரின் வாயிலேயே, எதிர்ப்பாற்றல் தாழ்ந்த காரணத்தால், வேறொரு பூஞ்சை தலைதூக்குகிறது. உடலின் காவல் தளர்ந்திருக்கும்போது அதனை முதலில் காட்டும் இடங்களுள் நா ஒன்று. அது எப்போதும் ஈரமாக இருக்கிறது. நுண்ணுயிர்கள் நிறைந்த இடத்தில் இருக்கிறது. எவ்விதக் கருவியும் இன்றிக் கண்ணால் காணத்தக்கதாகவும் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் 'நா' ஓர் உறுப்பாக இடம்பெற்றது இதனால்தான் போலும். அதே பட்டியலில் 'மொழி' என்பதும் தனியே இடம்பெற்றுள்ளது. நோயாளியின் நாவையும் பார், அவர் பேசுவதையும் கேள் என்பது அதன் கருத்து. இன்றைய பொழிவும் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

நாவின் நிலப்படம்

வெண்மை எங்கே இருக்கிறது என்பது முதல் வினா. இதற்கு விடை சொல்ல நாவின் பகுதிகளுக்குப் பெயர் வேண்டும். தமிழில் அப்பெயர்கள் இருக்கின்றன. தொல்காப்பியத்தின் பிறப்பியல் மெய்யெழுத்துகளின் பிறப்பை விளக்கும்போது முதல்நா, இடைநா, நுனிநா என்று பகுக்கிறது. லகார ளகாரங்களின் பிறப்பைச் சொல்லுமிடத்தில் நாவிளிம்பு என்னும் சொல்லை ஆள்கிறது. ஒலியை விளக்க எழுந்த சொற்கள் இவை. ஆயினும் உறுப்பை நேரே நோக்கிய கண் இவற்றின் பின்னே உண்டு.

இவற்றோடு நாவின் மேற்பரப்பு, நாவின் அடிப்பக்கம், நாவுக்குக் கீழுள்ள வாய்த்தளம் என்னும் மூன்றையும் சேர்த்துக்கொண்டால், வாய் மருத்துவர் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதும் இடங்கள் ஏறத்தாழ முழுமையும் தமிழில் கிடைத்துவிடுகின்றன. இந்த இடப்பெயர்கள் வெறும் அழகுக்காக இல்லை. மேற்பரப்பில் முழுவதும் பரவிய மெல்லிய வெண்மை பெரும்பாலும் உணவுத் துகளும் உதிர்ந்த தோலணுக்களும் படிந்த மாசு. நாவிளிம்பிலும் அடிப்பக்கத்திலும் வாய்த்தளத்திலும் தோன்றும் வெண்மை அவ்வாறு எளிதாக விட்டுவிடத்தக்கதன்று. வாய்ப்புற்று மிகுதியாகத் தோன்றும் இடங்கள் அவை. ஆகவே 'நாக்கில்' என்று நிறுத்திக்கொள்வதற்கும் 'நாக்கின் இடப்பக்க விளிம்பில், பின்புறமாக' என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு, வீட்டு முகவரியில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதுவதற்கும் தெருவும் கதவெண்ணும் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது.

நீங்கும் வெண்மை

இரண்டாம் வினா: துடைத்தால் போகிறதா? மருத்துவர் மெல்லிய பஞ்சுத் துணியால் மெதுவாக ஒற்றித் துடைத்துப் பார்ப்பார். தயிர்க் கட்டி போன்ற வெண்மை பெயர்ந்து வந்து, அதனடியில் சிவந்த பரப்புத் தெரிந்தால், அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சையின் வேலை. இதன் பெயர் ஒரு மொழியியல் வேடிக்கை. கேண்டிடா என்றால் இலத்தீனில் வெண்ணிறமானது. அல்பிக்கன்ஸ் என்றால் வெளுத்துவருவது. கேண்டிடா அல்பிக்கன்ஸ் என்பது 'வெளுத்துவரும் வெள்ளை'. பண்டை உரோமில் பதவி நாடியோர் வெளுத்த ஆடை உடுத்தினர். வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரில் பிறந்ததே.

பெயரே இரட்டை வெண்மையாக இருப்பினும், இப்பூஞ்சை எப்போதும் வெண்மையாகவே வெளிப்படும் என்று நம்பிவிடலாகாது. சிலரிடத்தில் நா வழுவழுப்பாகச் சிவந்து எரியும். சிலரிடத்தில் வாயோரம் வெடிக்கும். வேறு சிலரிடத்தில் தடித்துப் படிந்து, துடைத்தாலும் போகாத வடிவம் எடுக்கும். ஆகவே துடைத்துப் பார்த்தல் நல்ல முதற்சோதனை. முடிந்த முடிபு ஆகாது.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. நலமாக இருக்கும் பலரின் வாயிலும் கேண்டிடா வாழ்கிறது. வாயிலிருந்து எடுத்த மாதிரியில் அது வளர்ந்தது என்பதனால் மட்டும், கண்ட வெண்மைக்கு அதுவே காரணம் என்று துணிய இயலாது. ஓர் ஊரில் ஒருவர் குடியிருக்கிறார் என்பது அவ்வூரில் நடந்த திருட்டுக்குச் சான்று ஆகுமா? நுண்ணோக்கியின் கீழ்ப் பூஞ்சை இழைகள் தெரிகின்றனவா, பூஞ்சைக்குரிய மருந்துக்கு வெண்மை கேட்கிறதா என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். 'மருந்து கேட்கவில்லை' என்று நாம் பேச்சில் சொல்கிறோம். உறுப்பு மாற்றுப் பெற்றவரிடத்தில் அத்தொடர் ஒரு குறைகூறல் மட்டும் அன்று. 'வேறு காரணத்தைத் தேடுங்கள்' என்று மருத்துவருக்குத் தரும் சான்றும் ஆகும். அதை அவரிடம் சொல்லாமல் மறைப்பது, பழைய மருந்தையே மீண்டும் மீண்டும் வாங்கிக் கொப்புளிப்பது ஆகியவற்றால் காலம் கழிகிறது.

நீங்கா வெண்மை

துடைத்தும் நீங்காத வெண்மையில் பல வகைகள் உண்டு. அவற்றுள் மூன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, நாவிளிம்பில் நெட்டு வரிகளாகச் சுருக்கம் விழுந்தாற்போலத் தோன்றும் படலம். ஆங்கிலத்தில் இதன் பெயர் ஹேரி லூக்கோபிளேக்கியா. 1984இல் சான் பிரான்சிஸ்கோவில், எச்.ஐ.வி. பரவிய சூழலில், ஆண்கள் சிலரிடத்தில் முதன்முதலாக இது விவரிக்கப்பட்டது. எப்ஸ்டீன்-பார் என்னும் வைரசு இதற்குக் காரணம். முதலில் இதனை எச்.ஐ.வி. தொற்றின் தனி அடையாளமாகவே பலரும் கருதினர். ஆனால் அப்பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே, எச்.ஐ.வி. இல்லாத சிறுநீரக மாற்று நோயாளிகளிடமும் இது காணப்பட்டது. எதிர்ப்பாற்றல் எக்காரணத்தால் தாழ்ந்தாலும் இது தோன்றலாம் என்பது தெளிவாயிற்று.

இது பெரும்பாலும் வலிப்பதில்லை. புற்றாக மாறுவதும் இல்லை. பலருக்கும் தனி மருத்துவமே தேவைப்படுவதில்லை. ஆயினும் எதிர்ப்பாற்றல் எந்த அளவுக்கு அடக்கப்பட்டிருக்கிறது என்பதை மருத்துவருக்கு அது உணர்த்துகிறது. சொல்லாக்கத்தில் ஈடுபாடுள்ள மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பெயரை 'மயிர் வெண்படலம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், நாவில் மயிர் முளைத்துவிட்டது என்று கேட்பவர் அஞ்சுவார். அங்கே மயிர் ஏதும் இல்லை. மேற்றோல் நுண்ணிய இழைகளாக நீண்டிருக்கிறது, அவ்வளவே. 'நாவிளிம்பு வரிப்படலம்' என்பது என் பரிந்துரை. காணும் இடத்தையும் காணும் வடிவத்தையும் அது சொல்கிறது; அச்சத்தை ஊட்டவில்லை.

இரண்டாவது, வெறுமனே லூக்கோபிளேக்கியா எனப்படுவது. கிரேக்கத்தில் வெண்மையையும் தட்டையான பரப்பையும் குறிக்கும் இரு சொற்களைச் சேர்த்து, 1877இல் எர்ன்ஸ்ட் ஷ்விம்மர் என்னும் அங்கேரியத் தோல் மருத்துவர் இதனை ஆக்கினார். இதன் வரையறை மொழியியலாளருக்குப் பெரிதும் சுவையானது. உலகச் சுகாதார நிறுவனம் 1978இல் வகுத்த விளக்கத்தின்படி, வேறு எந்த நோயாகவும் அடையாளம் காண இயலாத வெண்படலமே லூக்கோபிளேக்கியா. அதாவது, 'இன்னது' என்று சொல்லாமல் 'இவையெல்லாம் இல்லாதது' என்று சொல்லும் வரையறை. நம் தருக்க மரபில் 'ஒழிபு' என்று ஓர் அளவை உண்டு. பிறவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சி நிற்பதைத் துணிவது. அதுவே இங்கு நடைபெறுகிறது. எனவே ஒருவர் பார்த்த மாத்திரத்தில் இப்பெயரை இட்டுவிட இயலாது. விலக்க வேண்டியவற்றை விலக்கிய பின்னரே இப்பெயர் பொருள் பெறுகிறது.

இவற்றுள் ஒரு பகுதியே புற்றாக மாறும். எது மாறும், எது மாறாது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வெண்மையோடு சிவப்பும் கலந்திருத்தல், தொட்டால் கெட்டியாக இருத்தல், ஆறாத புண்ணாதல், நாவிளிம்பிலோ அடிப்பக்கத்திலோ அமைதல் ஆகியவை ஐயத்தை மிகுவிக்கும் குறிகள். சிறு துண்டுத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் பயாப்சிதான் ஐயத்தைத் தீர்க்கும். எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவர்களுக்குச் சில புற்றுநோய்கள், குறிப்பாகத் தோலிலும் உதட்டிலும் தோன்றுபவை, மற்றவர்களைவிட மிகுதியாக வருகின்றன. இதனோடு வெற்றிலை பாக்குப் பழக்கமும் சேருமாயின் கவலை கூடுகிறது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுண்டாக்குவதே என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியச் சமூகத்தாரிடம், அதிலும் பெண்களிடம், மற்றவரைவிட மிகுதியாகக் காணப்பட்டதற்கு இப்பழக்கம் முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது. பாட்டி வெற்றிலை போடுவாரா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பல்லின் கூர்முனையோ பொருந்தாத செயற்கைப் பல்வரிசையோ நாளும் உராய்வதால் தடித்து வெளுத்த இடம். உழைப்பவர் உள்ளங்கையில் காய்ப்பு ஏறுவது போன்றது இது. காரணத்தை நீக்கினால் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் அது காய்ப்பு இல்லை என்று பொருள்.

இவற்றைத் தவிர, கன்னத்தின் உட்புறத்தில் வலைப்பின்னல் போல வெண்கோடுகள் தோன்றும் லைக்கன் பிளேனஸ் என்பதும், நாளுக்கு நாள் இடம் மாறும் வெண்கரை கொண்ட நிலப்பட நாக்கு என்பதும் உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றுப் பெற்றவர்களிடம் கொடையாளரின் அணுக்களே பெற்றவரின் வாயைத் தாக்கி வலைப்பின்னல் வெண்மையை உண்டாக்குவதும் உண்டு. ஆகவே 'மாற்று அறுவை' என்று மட்டும் சொல்லாமல், எது மாற்றப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊகத்தின் விலை

'எல்லாம் பூஞ்சைதான்' என்று எண்ணிக்கொண்டு மருந்தை வாங்கிவிட்டால் என்ன கெடும் என்று கேட்கலாம். இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று, முன்பே சொன்ன காலக் கேடு. மற்றொன்று, மருந்துகளுக்கிடையே நிகழும் மோதல். பூஞ்சைக்கு விழுங்கக் கொடுக்கும் ஃபுளுக்கோனசோல் போன்ற மருந்துகள், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றை உடல் சிதைத்து வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கின்றன. அதனால் குருதியில் அம்மருந்துகளின் அளவு உயர்ந்து, அரும்பாடுபட்டுப் பெற்ற சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடும். மருத்துவர் இவற்றைச் சேர்த்துக் கொடுக்கும்போது குருதியில் அளவைச் சோதித்து, மருந்தின் அளவை மாற்றிக் கொடுப்பார். வாயில் கொப்புளித்து வைத்திருக்கும் நிஸ்டாட்டின் குருதியில் ஏறத்தாழக் கலப்பதே இல்லையாதலால் அதில் இச்சிக்கல் இல்லை. ஆனால் எது எந்த வகை என்பதை நோயாளி ஊகிக்கலாகாது. தம் மருந்துப் பட்டியலை அறிந்த மருத்துவரும் மருந்தாளரும் சொல்ல வேண்டியது அது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று ஒரு வாக்கியத்தால் நேர்கிறது. 'இது நீங்கள் சாப்பிடும் மருந்தால் வந்தது' என்று மருத்துவர் சொல்கிறார். காரணத்தை விளக்குவதே அவர் நோக்கம். கேட்பவரோ அதனை அறிவுரையாகக் கொண்டு, 'அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாம்' என்று முடிவு செய்கிறார். நிறுத்தினால் உடல் அந்த உறுப்பைத் தள்ளிவிடும். எனவே இவ்வாக்கியத்தை மொழிபெயர்ப்பவர், 'ஆனாலும் மருந்தை நிறுத்தக்கூடாது' என்பதையும் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்து, உடன் சேர்த்துச் சொல்லுதல் கடமை.

மக்கள் வழங்கும் சொற்கள்

இனி நம் சொற்களுக்கு வருவோம். நா நோயைப் பற்றி முதியோர் ஆளும் சொற்கள் பலவும் பொருளாழம் உடையவை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு 'வெள்ளை' என்ற ஒன்றை மட்டும் பெயர்த்துச் சொல்வது பெரும் இழப்பு.

'நாக்கு வெளுத்திருக்கிறது' என்பதும் 'நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறது' என்பதும் ஒன்றல்ல. வெளுத்தல் என்பது குருதி குன்றிய சோகையைச் சுட்டும். நாவின் சொந்த நிறமே மங்குவது. படிதல் என்பது மேலே ஒன்று வந்து அமர்வது. சிறுநீரக நோயாளிகளிடம் சோகையும் மிகுதியாதலால் இவ்விரண்டையும் மயங்கவிடலாகாது. அதேபோல், படிதலைப் 'படுதல்' என்று மாற்றி ஒலித்தால் பொருள் முற்றிலும் வேறு இடத்துக்குப் போய்விடும். 'வெள்ளைபடுதல்' என்பது பெண்களுக்குரிய வேறொரு நோய்க்குறி. இகரமும் உகரமும் மாறினால் நோயாளி வேறு மருத்துவரிடம் அனுப்பப்படக்கூடும். ஒலியன் வேறுபாட்டுக்கு வகுப்பில் எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

'வாய்ப்புண்' என்னும் சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் ஆள்கிறோம். மருத்துவர்க்கோ புண் என்பது மேற்றோல் அறுபட்டுக் குழிந்த இடம். படலம் புண் அன்று. அது மேலே தடித்திருப்பது. குழிந்திருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் தெளிவு பிறக்கும். 'வாய் வெந்துபோயிற்று' என்று முதியோர் சொல்வது எரிச்சலையும் சிவப்பையும் ஒருங்கே குறிக்கும் அருமையான தொடர். குழந்தைகளின் வாயில் தோன்றும் வெண்மையை 'அக்கரம்' என்று சொல்லும் வழக்கும் உண்டு. எழுத்தைக் குறிக்கும் அக்கரமும் இதுவும் வடிவத்தால் ஒன்று, பொருளால் வேறு.

நீக்குதலைக் குறிக்கும் வினைகளை எண்ணிப் பாருங்கள்: ஒற்றுதல், துடைத்தல், வழித்தல், சுரண்டுதல், உரித்தல். விசையின் ஏற்றத்துக்கேற்பத் தனித்தனி வினை இருக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் நாக்கு வழிப்பது காலைக்கடன். ஆகவே மருத்துவர் செய்யும் முதற்சோதனையைப் பாட்டி ஒவ்வொரு நாளும் தாமே செய்துவருகிறார். 'வழிக்கும்போது வருகிறதா, பாட்டி?' என்று கேட்டால், 'எவ்வளவு வழித்தாலும் இந்த ஓரத்தில் மட்டும் போகமாட்டேன் என்கிறது' என்று விடை வரக்கூடும். அந்த விடை விலைமதிப்பற்றது. அதை அப்படியே மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: மருத்துவரைக் காணச் செல்லும் காலையில் அழுந்த வழித்துவிட்டும் வெற்றிலை போட்டுவிட்டும் செல்லாதிருக்கச் சொல்லுங்கள். காண வேண்டிய சான்றை நாமே அழித்துவிடலாகாது.

நடுவில் அமரும் பேரப்பிள்ளை

நம் இரு நாடுகளிலும், முதியவர்க்கும் மருத்துவருக்கும் நடுவே அமர்ந்து மொழிபெயர்ப்பவர் பல வேளைகளில் ஒரு பள்ளி மாணவர். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரும் பொறுப்பு. தமிழும் தெரியும், ஆங்கிலமோ மலாயோ தெரியும். ஆயினும் இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பழக்கம் இல்லை.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் சொல்கிறார்: 'புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்க்கலாம்.' பேரன் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறான். புற்றுநோய் என்ற சொல்லை அவரிடம் சொல்ல நா எழவில்லை. 'ஒன்றும் இல்லையாம் பாட்டி, சும்மா ஒரு சோதனையாம்' என்கிறான். பாட்டி, ஒன்றும் இல்லாததற்கு எதற்குச் சோதனை என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார். அடுத்த முறையும் போகவில்லை. பேரன் பொய் சொல்லவில்லை. அன்பினால் ஒரு வாக்கியத்தின் பாதியைப் பெயர்த்தான். 'இல்லை என்று உறுதி செய்வது' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் உள்ள தொலைவு அந்த அன்பில் மறைந்துவிட்டது.

என்ன சொல்லியிருக்கலாம்? 'கெட்ட நோய் ஏதும் இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியவில்லையாம், பாட்டி. அதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்களாம்.' அச்சமூட்டாமல் முழுமையைச் சொல்லத் தமிழில் இடம் உண்டு. 'ஆம்' என்னும் ஈறு, சொல்பவர் வேறொருவர் என்பதைக் காட்டிப் பேரனின் சுமையையும் சிறிது குறைக்கிறது. முடிந்தவரை, இத்தகைய செய்திகளுக்கு வயது வந்தவர் ஒருவரோ தமிழறிந்த தாதியோ உடனிருத்தல் நலம். அது வாய்க்காத நாளும் வரும். அந்த நாளுக்கு நம் மாணவர்களை ஆயத்தம் செய்ய வேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். இருவர் இருவராக மாணவர்களைப் பிரித்து, ஒருவர் முதியவராகவும் மற்றவர் மொழிபெயர்ப்பவராகவும் பேசிப் பழகட்டும். ஆறு வினாக்களுக்கு விடை பெற வேண்டும். எங்கே இருக்கிறது? எப்போதிலிருந்து இருக்கிறது? எவ்வடிவில் இருக்கிறது: புள்ளியா, பரப்பா, வரியா, வலையா? துடைத்தால் போகிறதா? எரிகிறதா, வலிக்கிறதா, விழுங்க முடிகிறதா? என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார், அண்மையில் எது மாறியது? ஆறு விடைகளையும் தமிழில் எழுதி, பின்னர் மருத்துவர் மொழியில் எழுதட்டும். எந்த இடத்திலும் நோயின் பெயரை அவர்கள் சொல்லலாகாது என்பது விதி. கண்டதைச் சொல்வது நம் வேலை. பெயரிடுவது மருத்துவர் வேலை.

இரண்டாம் வினாவில் ஓர் எல்லையை மனத்தில் பதியவையுங்கள். காரணம் தெரியாத வெண்மையோ புண்ணோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதனை மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ காட்டியே ஆக வேண்டும். உறுப்பு மாற்றுப் பெற்றவர் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை; தம் மாற்று மருத்துவக் குழுவுக்கு உடனே தெரிவிக்கலாம்.

இலக்கணம் கற்பிக்கும்போது, காட்சியை விவரிக்கும் சொல்லையும் முடிபை உரைக்கும் சொல்லையும் பிரித்தறியச் சொல்லிக்கொடுக்கிறோம். மாணவர்கள் அதனைத் தேர்வுத்தாளுக்குரிய திறன் என்று எண்ணுகிறார்கள். அடுத்த முறை வீட்டில் ஒரு முதியவர் 'நாக்கில் வெள்ளையாக இருக்கிறது' என்று சொல்லும்போது, 'எந்த இடத்தில், பாட்டி? வாயைத் திறந்து காட்டுங்கள்' என்று அவர்கள் கேட்பார்களானால், இந்தப் பொழிவு பயன்பட்டதாகக் கொள்வேன்.